மேட்டுத் தடத்தைப் பற்றி நான் சொன்னது

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நமது பாடசாலையின் விஞ்ஞான அறை அலமாரியில் இன்று காலை எலி குட்டி போட்டிருக்கிறது. மொத்தம் ஐந்து. தாயும் சேய்களும் நலம். பிரசவம் நடந்த இடம், போன வருசக் கண்காட்சிக்காக அடியேன் பலகையில் கட்டிய ஏழு தண்டவாள மகா ஸ்டேஷன். கோதுமை மாப் பசையைத் தின்று தீர்த்துவிட்டு, மூன்றாம் பிளாட்பாரத்தில் குடும்பத்தோடு படுத்துக் கிடந்தன. அந்த ஸ்டேஷனுக்கு இதுவரை வந்து சேர்ந்த பயணிகள் அவை மட்டும்தான்.

அலமாரியைத் திறந்ததும் தேயிலைப் பெட்டிப் பலகையின் வாசம் குப்பென்று வந்தது. உன் ஞாபகமும் கூடவே வந்தது. எலியைப் பார்த்தா என் ஞாபகம் வந்தது என்று கோபித்துக்கொள்ளாதே. நீ குடும்பத்தோடு அக்கரைக்குக் கப்பலேறி ஐந்து மாதமாகிறது. போன இடத்தின் ஊர்ப் பேர் மட்டும்தான் எனக்குத் தெரியும். "அந்தப் பேருல அங்க அம்பது ஊர் இருக்கும், எந்த ஊருக்குன்னு அனுப்புறது?" என்று தபால் கந்தோரில் கையை விரித்துவிட்டார்கள். அதனால் பாடம் எழுதும் கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

நாலு வருசம் நாம் பாடசாலைக்கு ஒரே கோச்சியில், ஒரே ரயில் பெட்டியில், வட்டவளையில் ஏறி ஹட்டனில் இறங்கினோம். நான் அந்த நாலு வருசமும் டிக்கெட் பார்ப்பவரைப் போல நடந்து காட்டி, பெட்டியிலிருந்த பொம்பளைப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தண்டவாளம் எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது, எங்கே மறுபடி சேர்கிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு கொப்பியில் படமாகப் போட்டுக்கொண்டு வந்தாய். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

கண்காட்சி வந்தது. மலைக் கோச்சிப் பாதையில் ஒரு ஸ்டேஷன் எப்படி இருக்க வேண்டும் என்று பலகையில் செய்து காட்ட வேண்டும். ரயில்வேயில் பெரிய வேலையிலிருக்கும் ஒருவர் வந்து பார்ப்பார். முதல் பரிசு, ஹட்டனிலிருந்து சுரங்கத்தைத் தாண்டி அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் எஞ்சினில் ஏறிப் போய்த் திரும்பி வருவது. ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். ஒரு ஆணிகூட அடிக்காமல், நான்தான் போகப்போகிறேன் என்று தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து வைக்கச் சொன்னேன். கரி எஞ்சினுக்கு வெள்ளைச் சட்டை. என் அறிவு அவ்வளவுதான்.

தேயிலைப் பெட்டியின் தகரப் பட்டியை வெட்டி ஏழு தண்டவாளம் போட்டேன். ஒன்றை ஒன்று வெட்டி, இடியப்பம் மாதிரி. "லைன் வீட்டுல பொறந்தவனுக்கு லைன் போடச் சொல்லியா குடுக்கணும்?" என்று மாஸ்டரிடமே அளந்தேன். உன் பலகையில் இரண்டே தடம், எதிரெதிரே வரும் கோச்சிகள் ஒன்றையொன்று தாண்ட. மேல் பக்கத்தில் குட்டையாக இன்னொன்று பிரிந்து, மேட்டில் ஏறிப் பாதியில் நின்றது.

"என்னடா இது, பாதியில நிக்குது? தகரம் தீந்துபோச்சா?"

"அது அப்படித்தான். எங்கயும் போகாது."

"போகாத தடம் எதுக்கு?"

"இது மலைடா. மேல நிக்கிற கோச்சிப் பெட்டி ஒண்ணு கழண்டு உருண்டு வந்துச்சுன்னு வையி. ஒன் ஸ்டேஷன்ல அது எங்க போகும்?"

"நேரா ஸ்டேஷன் மாஸ்டர் ரூமுக்குப் போயி டிக்கெட் எடுக்கும்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதுதான் எனக்கு ஆகவில்லை. சிரித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாய்: தடம் பிரியும் பாயிண்ட் எந்நேரமும் மேட்டுப் பக்கமே பார்த்துக் கிடக்க வேண்டும், கோச்சி வரும்போது மட்டும் ஸ்டேஷன் பக்கம் திருப்ப வேண்டும். அப்படியென்றால் தப்பி வரும் பெட்டி தானாகவே மேட்டில் ஏறி, களைத்து, நின்றுவிடும். நீ பாயிண்ட் பேசினாய். நான் பாயிண்டே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. அதே ஜன்னல், அதே நாலு வருசம். எனக்கு மட்டும் ஏன் அது கண்ணில் படவில்லை?

கண்காட்சி நாளில், நெருப்புப்பெட்டிகளை ஒட்டி, நூற்கட்டையைச் சக்கரமாக்கி, உள்ளே ஈயத்தாளை உருட்டிப் போட்டுக் கனமாக்கிய உன் பெட்டி, சரிவின் உச்சியில் ஒரு சின்ன மரக்கட்டையை முட்டுக்கொடுத்து நின்றது. ரயில்வேக்காரர் பக்கத்து மேசையில் இருந்தார். நீ மாஸ்டரிடம் ஏதோ கேட்கத் திரும்பினாய். நான் கட்டையை உருவினேன். நீ சொன்னதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு, பெட்டி நேரே இறங்கி உன் அட்டை ஸ்டேஷனையும் காகித ஆட்களையும் நொறுக்கும் என்று நம்பினேன்.

பெட்டி கடகடவென்று இறங்கியது. பாயிண்டில் ஒதுங்கியது. மேட்டில் ஏறியது. நுனியில் நீ கொட்டி வைத்திருந்த மண்ணில் மூக்கைக் குத்தி நின்றது.

ரயில்வேக்காரர் திரும்பி வந்து, "இன்னொரு தரம் விடுங்க," என்றார். மாஸ்டருக்கு என் கையிலிருந்த கட்டை தெரிந்துவிட்டது.

"யார்டா உன்னைய உருவச் சொன்னது?"

நீ என் கையைப் பார்த்தாய், முகத்தைப் பார்த்தாய். "நாங்க பேசி வச்சதுதான் மாஸ்டர். நான் சைகை காட்டுனதும் இவன் உருவணும்னு."

பிரம்படி வாங்கியிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். அதற்குப் பிறகு, பெட்டியை உருட்டிவிடுகிற யோசனையே என்னுடையதுதான் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். நீ ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

முதல் பரிசு வாங்கிய நீ எஞ்சின் ஏற வேண்டிய நாளன்றுதான் உங்கள் குடும்பத்தைப் பாஸ்போட் வேலையாகக் கண்டிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் பின்னேரம் நீ எங்கள் லயத்துக்கு வந்தாய்.

"நீ போயிட்டு வா. மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"நெசமாவா?"

"ஒண்ணு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டுத் தடம் இருக்காம். நாம ஹட்டனோட எறங்கிர்றோம், பாத்ததில்ல. எம்புட்டு நீளம், பாயிண்ட் எந்தப் பக்கம் பாத்துக் கெடக்கு, நுனியில மண்ணா கட்டையான்னு பாரு. அது போதும் எனக்கு."

போய் வந்து நான் அளந்த கதை உனக்கு ஞாபகம் இருக்கும். டிரைவர் என்னை விசிலடிக்க விட்டார் என்றேன். தடம் பதினெட்டுத் தண்டவாள நீளம் என்றேன். பாயிண்ட் மேட்டைப் பார்த்துத்தான் கிடந்தது, நுனியில் மண், மண்ணுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. நீ ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு உன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படமாகப் போட்டாய். மண் என்றதும், "நெனச்சேன்," என்றாய். உன் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தோட்டத்து ஆட்களைக் கடலுக்கு அந்தப் பக்கம் திருப்பி அனுப்பியதில் நீங்கள் புறப்பட்ட அன்று ஹட்டன் ஸ்டேஷனே ஒப்பாரியாக இருந்தது. பெட்டிகளைச் சாக்கில் கட்டியவர்கள், கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றவர்கள். அவ்வளவு பேருக்கு நடுவே பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். பேராதனை, பொல்காவலை, மாகோ, மதவாச்சி என்று கோச்சிப் பாதை பிரிகிற இடங்களையெல்லாம் இவன் ஒரே பயணத்தில் பார்க்கப்போகிறானே என்று. நீ சட்டைக்குள் கையை விட்டுக் கொப்பியைத் தொட்டுக் காட்டினாய்.

"அங்கயும் மலைக்கோச்சி இருக்காம்டா. எங்கயாவது வேலை கேக்கப் போனா இதைக் காட்டுவேன். நேர்ல பாத்து எழுதினதுன்னு சொல்லுவேன்."

நான் தலையை ஆட்டினேன். கோச்சி நகர்ந்துவிட்டது.

இனி சொல்லிவிடுகிறேன். சுரங்கத்துக்குள் எஞ்சின் நுழைந்ததும் புகையும் இருட்டும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. கரி அள்ளிப் போடுகிறவரின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "பயவென்ன எப்பா மல்லி," என்று டிரைவர் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பயப்படாதே தம்பி என்று அவர் சொன்னதும் பயம் கூடிற்று. நான் கண்ணைத் திறந்தபோது எஞ்சின் அடுத்த ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. திரும்பி வரும்போதும் அப்படியேதான். விசிலைத் தொடவே இல்லை.

மேட்டுத் தடம் அங்கே இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. பாயிண்ட் மேட்டைப் பார்த்துக் கிடந்ததும், நுனியில் மண் இருந்ததும் உன் பலகையில் பார்த்தவை. விளக்கும் அந்தப் பதினெட்டும் மட்டும் என் சொந்தச் சரக்கு.

யாரிடமாவது காட்டுவதற்கு முன் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடு. மற்றப் பக்கங்கள் நீ பார்த்துப் போட்டவை.