சரிவராத பியர்

அண்ணை,

இன்று காலை அம்மன் கோயில் பொங்கலுக்கென்று அந்தப் பெரிய அலுமினியப் பானையை வெளியே எடுத்தேன். பழப்புளியும் சாம்பலும் போட்டுக் கை நோகத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, போன வருடமே எல்லாம் போய்விட்டது என்று நம்பி வைத்த பானை. தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றிச் சூடு பிடிக்கத் தொடங்கியதுதான் தாமதம், வறுத்த குரக்கன் மாவும் அவித்த வைக்கோலும் கலந்த உங்களுடைய அந்த மணம் குசினி முழுக்க எழும்பிவிட்டது. அம்மனுக்குப் பொங்குகிற பானையில் பியர் காய்ச்சிய ஒரு மனிதரைக் கோப்பாயில் வேறு எங்கே போய்த் தேடுவது? தண்ணீரை ஊற்றிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் போய்ப் பானை இரவல் கேட்டேன். உங்கடை பானைக்கு என்ன நடந்தது ரீச்சர் என்று கேட்டாள். ஓட்டை என்று சொன்னேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் நான் உங்களுக்காகப் பொய் சொல்லித் திரிகிறேன்.

அண்ணி செத்து ஆறு மாதத்தில், திருவிழா பார்த்துவிட்டு மூன்று கிழமையில் திரும்பிப் போவதாகச் சொல்லித்தான் நீங்கள் கனடாவிலிருந்து வந்தீர்கள். சூட்கேசைத் திறந்தபோது எனக்கு ஒரு சேலையாவது இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஒரு வெப்பமானி, போத்தலுக்கு மூடி அடிக்கிற ஒரு கருவி, காலுறைக்குள் சுருட்டி வைத்த ஈஸ்ட் பைக்கற்றுகள். வாழ்நாள் முழுக்க ரொறன்ரோவில் பஸ் ஓட்டிய மனிதர், ஓய்வுபெற்ற பிறகு போனில் பார்த்து பியர் காய்ச்சப் பழகப் போகிறாராம். அதுவும் இங்கே வந்து, என்னுடைய குசினியில்.

"மற்ற முறையெண்டால் மூண்டு பானை வேணும், பிள்ளை. இது ஒரு பானை, ஒரு துணிப்பை. அவ்வளவுதான்."

அந்த ஒரு பானை என்னுடைய பானை என்று நான் சொன்னது உங்கள் காதில் ஏறவே இல்லை. துணிப்பைக்கு முன் விறாந்தை ஜன்னலில் தொங்கிய வலைத்திரையைக் கழற்றினீர்கள், தீபாவளிக்கு வாங்கிப் போட்ட புதுத் திரை. நீங்கள் தைத்த தையல் முதல் நாளே பிரிந்து தானியமெல்லாம் பானைக்குள் கொட்டியது. பிறகு நானே மெஷினில் இரட்டைத் தையல் போட்டுத் தந்தேன். திரையும் போய், மெஷின் ஊசியும் முறிந்தது.

தானியம் என்று நீங்கள் அன்றைக்கு வாங்கி வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. கடையில் பார்லி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரனும் மூத்திரக் கடுப்புக்குக் கஞ்சி காய்ச்சுகிற, தோல் நீக்கித் தீட்டிய வெள்ளைப் பார்லியை நிறுத்துத் தந்திருக்கிறான். அதைப் பையில் போட்டுச் சுடுதண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊற வைத்துவிட்டு, போனில் காட்டியபடி தேன் நிறத்தில் இனிப்புச் சாறு வரும் என்று காத்திருந்தீர்கள். வந்தது கூழ். மீனும் புளியும் போட்டிருந்தால் ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்திருக்கலாம். முளைக்க வைத்துக் காய வைத்த தானியத்தில்தான் மா சீனியாக மாறும் என்று எத்தனை வருடம் மனையியல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். பக்கத்தில் நின்ற என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் வருகிற தாடிக்காரனிடம் கேட்டீர்கள்.

மூன்று கிழமை மூன்று மாதமானது. முளைத்த பார்லி ஊருக்கு வருகிற ஆட்களின் பெட்டிகளில் வரத் தொடங்கியது. சொக்லேட் கொண்டுவர வேண்டிய சனத்திடம் தானியம் கொண்டுவரச் சொன்னீர்கள். கூடவே ஆட்டுப் புழுக்கை போலப் பச்சையாக உருட்டிய ஒரு சாமான். அது கசப்புக்குப் போடுகிற பூவாம். நனைந்த பை பாரம் என்று அடுப்பையே கிணற்றடிக்கு மாற்றி, தண்ணீர் அள்ளுகிற கப்பியில் கயிறு போட்டுப் பையைத் தூக்கித் தொங்கவிட்டீர்கள். அது பானைக்குள் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருக்க, மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் மதுவின் தீமை பற்றிப் பேச்சுப்போட்டி நடத்திய ரீச்சரின் வீட்டில் கசிப்புச் சாராயம் வடிக்கிறார்கள் என்ற கதை அடுத்த நாள் சந்தைவரை போய்விட்டது. மரக்கறி வாங்கப் போனால் என்னைப் பார்த்துச் சனம் சிரித்தது.

சித்திரை வெயிலில் நீங்கள் ஈஸ்ட் போட்டு மூடி வைத்த வாளியைத் திறந்தால் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடை. சூடு கூடினால் ஈஸ்ட் அப்படித்தான் கெட்ட வேலை செய்யும் என்றேன். சரிவரும் பிள்ளை, பொறு என்றீர்கள். போத்தலில் அடைக்கும்போது போடுகிற சீனியைக் கண்மட்டாகக் கொட்டினீர்கள். ஒரு மத்தியானம் அறைக்குள் அந்தப் போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. என்ன ஏது என்று யோசிப்பதற்கு முன்பே நான் நிலத்தில் குப்புறப் படுத்து, கைகளால் தலையைப் பொத்திவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், கதவடியில் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றுகொண்டு, அடடா, சீனி கூடிப்போச்சு என்கிறீர்கள். நீங்கள் கனடாவுக்கு வெளிக்கிட்டுப் போனது இங்கே போரில் ஷெல்லடி தொடங்குமுன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நான் ஏன் படுத்திருக்கிறேன் என்று விளங்க உங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கண்ணாடித் துண்டுகளை எல்லாம் நீங்களே குனிந்து பொறுக்கினீர்கள். அன்றைக்கு மட்டும் நான் ஏசவில்லை.

பிறகு கப்பிக் கயிற்றை இழுத்த ஒரு நாள் மூச்சு வாங்கிக் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். இருதயத்தில் ஒரு வால்வு பழுது என்றார் டொக்டர். ஒப்பரேஷன் செய்யலாம், இந்த வயதில் செய்தாலும் உறுதி சொல்ல ஏலாது, ஆனால் செய்யாமல் விட்டால் கன காலம் ஓடாது என்றார். உங்கள் பிள்ளைகள் கனடாவில் எல்லா ஒழுங்கும் செய்துவிட்டு உடனே வரச் சொன்னார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"ஒருக்காச் சரிவரட்டும். சரிவந்த அடுத்த கிழமை போறன்."

உயிர் போகிற காரியத்துக்கு இப்படி ஒரு மறுமொழி. ஒவ்வொரு ஞாயிறும் மூத்தவள் போன் எடுத்து, அப்பா, பியர் சரிவந்ததோ என்று கேட்பாள். இன்னும் இல்லை என்ற மறுமொழியைக் கேட்டு, கவலையோடு வைத்துவிடுவாள். அவள் உங்களோடு கோபிக்கவே இல்லை. நான்தான் இருவருக்கும் சேர்த்துக் கோபித்தேன்.

கடைசியில் நான் பொறுமை இழந்தேன். உங்களைப் பிளேனில் ஏற்ற அந்தப் பியர்தான் வழி என்றால், அதை நானே சரிவரப் பண்ணுவது என்று முடிவெடுத்தேன். பிறந்த நாளிலிருந்து மதுவைத் தொடாதவள், உங்களைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு, தானியத்தைத் தராசில் நிறுத்தேன். வெப்பமானியை விட்டுக் கண் எடுக்கவில்லை. சூடு இறங்காமல் பானையைப் பழைய கம்பளியால் சுற்றினேன். பையைக் கப்பியில் நானே இழுத்துத் தூக்கினேன். பூவைப் போட்டுக் கொதித்த சாற்றைப் பானையோடு கிணற்றடித் தொட்டியில் இறக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி ஆற வைத்தேன். ஈஸ்ட் போட்ட வாளியைப் பெரிய தாச்சிச் சட்டியில் தண்ணீருக்குள் நிறுத்தி, நனைத்த சாக்கால் போர்த்தி, நாள் தவறாமல் சாக்கை நனைத்தேன். பச்சைக் குழந்தையைக்கூட ஊரில் அப்படி ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். போத்தலுக்குச் சீனியும் தேக்கரண்டியால் அளந்துதான் போட்டேன்.

திறக்கிற நாள் வந்தது. மூடியை நெம்பியதும் உஸ் என்று ஒரு சத்தம். கிளாசில் வெள்ளை நுரை எழும்பி நின்றது. நீங்கள் ஒரு மிடறு குடித்தீர்கள். கண்ணை மூடினீர்கள். பிறகு இன்னொரு மிடறு. பிறகு கிளாசில் இருந்ததை முழுக்கக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தபடி, "சரிவரேல்லைப் பிள்ளை. புளிச்சுப்போச்சு" என்று சொல்லி, போத்தலில் மிச்சம் இருந்ததை வாழையடியில் ஊற்றப் போனீர்கள்.

போத்தலைப் பறித்தேன். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கசப்பு. அதற்குப் பின்னால் கொஞ்சம் இனிப்பு. காலம் முழுக்க தோசைமா புளிக்க வைத்தவளுக்குப் புளிப்புத் தெரியாதா?

"உது புளிக்கேல்லை அண்ணை. ஏன் பொய் சொல்லுறியள்?"

கிணற்றுக் கட்டில் போய் உட்கார்ந்தீர்கள்.

"சரிவந்திட்டுது எண்டு சொன்னால் நீ என்னை அனுப்பிப்போடுவாய்" என்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: "அங்கை எல்லாரும் நல்ல பிள்ளையள்தான். ஆனா என்னோடை நோயாளியோடை கதைக்கிற மாதிரி மெல்லமா, சிரிச்சுக் கதைக்கினம். உன்ரை அண்ணி போனாப்பிறகு எனக்கு ஏச அந்த வீட்டிலை ஒருத்தரும் இல்லை. இஞ்சை காலமை எழும்பினால் நீ ஏசுறாய். நான் இருக்கிறன் எண்டு தெரியுது."

இதைச் சொல்ல உங்களுக்கு எட்டு மாதமும் ஒரு ஜன்னல் திரையும் என்னுடைய மானமும் தேவைப்பட்டிருக்கிறது. இஞ்சை இருக்கப் போறன் தங்கச்சி என்று வந்த அன்றைக்கே சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒப்பரேஷனைச் சொன்னேன், பிள்ளைகளைச் சொன்னேன், நீங்கள் கண் முன்னால் செத்தால் நான் என்ன செய்வது என்று கேட்டேன். உங்கள் முகத்தில் ஒரு சந்தோசம். ஏச ஏச அது கூடிக்கொண்டு போனது. அழுகை வந்த பிறகுதான் நான் நிறுத்தினேன்.

அந்த ஞாயிறு போன் அடித்தபோது நீங்கள் அதை என் கையில் தந்துவிட்டு மூடிகளை எண்ணத் தொடங்கினீர்கள். மாமி, சரிவந்ததோ என்று கேட்டாள் மூத்தவள். இன்னும் இல்லைப் பிள்ளை என்று சொன்னேன். அதற்குப் பிறகு காய்ச்சியது ஒவ்வொன்றும் சரியாகத்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கிளாஸ் குடித்து, சரிவரேல்லை என்று என்னைப் பார்த்துச் சொல்வீர்கள். நானும் ஏசுவேன். அந்தக் கொஞ்ச மாதங்கள் நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருந்தோம் அண்ணை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு பின்னேரம் சாய்மனைக் கதிரையில் உங்களை எழுப்பத் தேத்தண்ணியோடு வந்தேன். நீங்கள் எழும்பவில்லை.

பிள்ளைகள் வந்து எல்லாம் முறையாகச் செய்தார்கள். கீரிமலையில் சாம்பல் கரைத்துவிட்டு ஏறி வரும்போது மூத்தவள் படியில் நின்று, ஒரு பியர் சரிவராமல் போனதாலை எங்கடை அப்பா செத்துப்போனார் என்று சொல்லிச் சிரித்தாள். அப்படியே அழுதாள். அவளுடைய முதுகைத் தடவினேனே தவிர உண்மையைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் எடுக்கிறாள். சாப்பிட்டீங்களோ மாமி, மருந்து எடுத்தீங்களோ மாமி என்று மெல்லமாக, சிரித்துக் கதைக்கிறாள். நீங்கள் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கும் அது பிடிக்கவில்லை.

இன்று பானை இரவல் வாங்கிக்கொண்டு படலையைத் திறக்கும்போது போன் அடித்தது. கிழமை நாளில் அவள் எடுப்பதில்லை. தானும் ஒரு பானையும் பையும் வாங்கியிருக்கிறாளாம். ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு அப்பாவுக்குச் சரிவராததைச் சரிவரச் செய்து அவருடைய படத்துக்கு முன்னால் வைக்கப் போகிறாளாம். "மாமி, நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள்தானே. அப்பாவுக்கு எங்கை பிழைச்சது எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

சொல்ல எத்தனையோ இருந்தன. தண்ணீர் கடினம் எனலாம், வெயில் எனலாம், தானியம் பழசு எனலாம். படிப்பித்தவளுக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெரியாதா? ஆனால் அந்தப் பிள்ளை பேனையை வைத்துக்கொண்டு நான் சொல்வதை எழுதக் காத்திருக்கிறாள். இல்லாத பிழையைத் தேடி அவள் இனி வாழ்நாள் முழுக்கக் காய்ச்சுவாள். நீங்கள் அங்கே போய் நிம்மதியாக இருக்கிறீர்கள், இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டு.

"ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை" என்றேன். "சரிவந்தது. நல்லாத்தான் வந்தது. கொப்பாதான் சரிவரேல்லை எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவர்."

அப்ப ஏன் எங்களிட்டை வரேல்லை என்று கேட்டாள். கிணற்றுக் கட்டில் நீங்கள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் கத்தினாள் பாருங்கள். ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை, நீங்கள் ஆர் இதை மறைக்க, உங்களுக்கு மனச்சாட்சி இருக்கோ மாமி, அவருக்கு ஏசோணும் எண்டால் நான் ஏசியிருப்பன்தானே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே என்று மூச்சு விடாமல் ஏசினாள். உங்களுக்கும் விழுந்தது, எனக்கும் விழுந்தது. அவள் சொன்னதில் பாதி நியாயம்தான். மீதிப் பாதிக்கு நானும் திருப்பி ஏசினேன். இரவல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு படலையடியிலேயே நின்றிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலால் எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கனகாலத்துக்குப் பிறகு யாரோ என்னோடு கதைத்தது போல இருந்தது அண்ணை.

கடைசியில் அங்கே சாமமாகிவிட்டது, விடிய வேலைக்குப் போக வேண்டும் என்றாள். வைக்குமுன், "எனக்கு இன்னும் கோவம் முடியேல்லை மாமி, நாளைக்கும் எடுப்பன்" என்றாள்.

எடு பிள்ளை என்று சொன்னேன்.