பன்னிரண்டு நிமிடம் பாக்கி

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். பனியன் கம்பெனி லேபில் துணியெல்லாம் நமத்துக் கிடக்கிறது, எடை போட்டால் கூடக் காட்டுகிறது. இரண்டு லாட் சோதனையை நாளைக்குத் தள்ளிவைத்தேன். சின்ன முதலாளிக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

செய்ய வேண்டியவை: காது டாக்டர். வீட்டில் தேவகிக்கு முட்டி மாத்திரை. டெஸ்ட் ரிப்போர்ட் பைல். கர்னலுக்குப் பதில்.

கடைசியைத்தான் பத்து நாளாக இழுத்தடிக்கிறேன். பீரங்கி சோதனைப் பிரிவில் எனக்கு மேலே இருந்தவர். ஓய்வு பெற்றும் சும்மா இருக்க முடியவில்லை, பிரிவின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறாராம். என் காலத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் நான் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம், அவரும் நம் பக்கத்துக்காரர்தான், படித்துவிடுவார். "மனசுக்கு நிறைவா எழுதுங்க. கடைசிப் பக்கத்துல உயிர் கொடுத்தவங்க பேரெல்லாம் போடுறோம்" என்றார்.

அந்தப் பட்டியலை அனுப்பியிருந்தார். மூன்று முறை படித்தேன். ஆறுமுகம் பெயர் இல்லை. இருக்காது என்று தெரிந்தேதான் படித்தேன்.

இனி ஆ. என்று எழுதினால் போதும். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. மதியம் லேபில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். சுலபமாகத்தான் வந்தது. எழுதியதில் கொஞ்சம்:

"வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய பிரிவு. இடம் கடலோர மணல்வெளி. அங்கே கடல் கண்ணுக்கெட்டிய தூரம் உள்வாங்கும். சுட்ட குண்டு சேற்றில் குத்தி நிற்கும், தண்ணீர் வற்றியதும் நடந்தே போய் எடுத்து வந்து அளந்து பார்ப்போம். எங்கள் பிரிவு எந்த யுத்தத்துக்கும் போனதில்லை. யுத்தத்துக்குப் போகிற பீரங்கிகள் எங்களிடம் வந்துவிட்டுப் போகும். வழக்கத்தைவிடக் கூடுதல் வெடிமருந்து போட்டு அடிப்போம். தாங்கினால் முத்திரை. தாங்காமல் வெடித்தால் எங்களோடு போகட்டும், எல்லையில் நிற்கிறவனோடு வேண்டாம்."

படித்துப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. த்தூ.

பனியன் வேஸ்ட் பற்றியும் எழுதினேன். பீரங்கிக் குழாயைத் துடைக்க மூட்டை மூட்டையாக வரும், எல்லாம் திருப்பூர்க் கழிவுத் துணி. ஆ. மூட்டையைப் பிரித்ததும் மூக்கில் வைத்து இழுப்பான். "டேய், நம்மூர்ச் சாய வாசம்டா." அத்தனை பேரில் நாங்கள் இரண்டு பேர்தான் இந்தப் பக்கம். அவன் சாமளாபுரம்.

தீபாவளிக்கு முன்னால் அங்கே போயிருந்தேன். வருடா வருடம் போவதுதான். அவன் மனைவி சரஸ்வதிக்கு ஒரு சேலை, மகன் செந்திலுக்கு ஒரு சட்டை. செந்தில் வேன் ஓட்டுகிறான். நான் கிளம்பும்போது அவனும் வண்டி எடுத்தான். வாசலிலிருந்து அவள் கத்தினாள்: "மெதுவாப் போ கண்ணு. உங்கப்பனாட்டம் அவசரப்பட்டுத் தொலையாதே."

இருபத்தாறு வருடமாக அதையேதான் சொல்கிறாள். நானும் கேட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

நவம்பர் 5, புதன்

தூறல் மட்டும். காதில் இரைச்சல் அதிகம்.

லேபில் சண்டை. குழந்தைச் சட்டைக்குப் பட்டன் சோதனை. பட்டனைக் கருவியில் மாட்டி, குறித்த அளவுக்கு இழுத்து, பத்து விநாடி அப்படியே நிறுத்த வேண்டும். பிய்த்துக்கொண்டு வந்தால் லாட் போச்சு. பிய்ந்த பட்டன் குழந்தை வாய்க்குத்தான் போகும். சின்ன முதலாளி வந்து நின்றார்.

"ஏனுங்ணா, அஞ்சு செகண்டு புடிச்சாப் பத்தாதுங்களா? கண்டெய்னர் வந்து நிக்குது."

"பத்துன்னா பத்துங்க."

"ஒம்பது பட்டன் பாஸ் ஆயிருச்சுல்லீங்ணா. பத்தாவது மட்டும் என்ன பண்ணிரப் போவுது?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு கோபம். மேசையில் ஓங்கி அடித்தேன். "நேரத்தக் கொறைக்கச் சொல்றதா இருந்தா வேற ஆளப் பாத்துக்குங்க!" லேபே திரும்பிப் பார்த்தது. அவருக்கு என் மகன் வயது. வெளியே போய்விட்டார். நல்ல பையன்தான்.

செக்கிங் மேசையில் சபிதா இருக்கிறாள், வடக்கத்திப் பெண். எங்கள் பிரிவு இருந்த கரைக்குப் பக்கத்து ஊர் அவளுக்கு, போன மாதம்தான் தெரிந்தது. கோபம் ஆறட்டும் என்று டீ கொண்டுவந்து வைத்தாள். வரலாறு எழுதுகிறேன் என்றேன் ஹிந்தியில். சிரித்தாள். "நீங்க சுடுற நாள்ல சிவப்புக் கொடி ஏறினா எங்க அப்பா கடலுக்குப் போக மாட்டார். அன்னைக்கு எங்களுக்குச் சோறு கிடையாது. அதையும் எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். கர்னல் அதை அடித்து நீக்கிவிடுவார் என்று தெரியும்.

கொடி என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. லீவு போட்டேன். தேவகி கோவிலுக்குப் போயிருக்கிறாள். எழுதிவிடுகிறேன்.

சோதனையின்போது பீரங்கிக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்பதில்லை. தடித்த சுவருக்குப் பின்னாலிருந்து நீளக் கயிற்றை இழுப்போம். இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் அரை மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது. உள்ளே மருந்து கனன்றுகொண்டிருக்கலாம். அரை மணி ஆனதும் நேரம் பார்க்கிறவன் பச்சைக் கொடி தூக்குவான், ஒருவன் மட்டும் போய்ப் பீரங்கியின் பின்கதவைத் திறப்பான். நேரம் பார்க்கிறவன் நான். திறக்கிறவன் ஆ.

அன்றைக்கு இழுத்தோம், வெடிக்கவில்லை. கடிகாரத்தை அமுக்கினேன். பன்னிரண்டு நிமிடம் ஆனபோது அதிகாரி இன்னொரு தடவை இழுக்கச் சொன்னார். இழுத்தோம். அப்போதும் இல்லை.

கடைசியாக இழுத்த நேரத்திலிருந்துதான் அரை மணி. இரண்டாம் தடவை இழுத்ததும் கடிகாரத்தை நிறுத்தி, முதலிலிருந்து ஓட விட வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் படித்த பாடம். மறந்துவிட்டேன்.

ஏன் மறந்தேன்? யாரும் அவசரப்படுத்தவில்லை. சுவர் முனையில் நானும் ஆ.வும் நின்று கதை பேசிக்கொண்டிருந்தோம். செந்திலுக்கு அப்போது இரண்டு வயது, காதுகுத்து வைக்க வேண்டும், கிடாய் வெட்டுவதா, கோழியோடு முடித்துக்கொள்வதா என்று. கிடாய்தான் என்று நான் சொன்னேன். "அப்ப செலவுல பாதி உன்னுது, மாமன் மொறைக்கு" என்றான்.

கடிகாரத்தில் முப்பது ஆனது. கொடியைத் தூக்கினேன். நடந்தான். கை துடைக்க இடுப்பில் பனியன் வேஸ்ட் செருகியிருந்தான்.

பின்கதவில் கை வைத்தான்.

அதற்கு மேல் எழுத மாட்டேன்.

விசாரணை. இரண்டாம் தடவை இழுத்த நேரம் பதிவேட்டில் இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் பதினெட்டே நிமிடத்தில் போயிருக்கிறான். பன்னிரண்டு நிமிடம் பாக்கி. மற்றவர்கள் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள், கொடியைப் பார்த்தவர்கள் அவனும் நானும்தான். "நீ கொடி காட்டினாயா?" என்று கேட்டார்கள்.

"ஞாபகமில்லை, சாப்."

பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லவில்லை நான். ரத்தம் வழிகிற காதோடு நின்றவனை மேற்கொண்டு யாரும் கேட்கவும் இல்லை. உத்தரவில்லாமல் அவசரப்பட்டுப் போனான், சொந்தக் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அதனால் பிரிவின் நினைவுக் கல்லில் அவன் பெயர் கிடையாது. பட்டியலில் கிடையாது. அவன் வீட்டில் மரியாதை கிடையாது.

இதையே மூன்று பக்கமாக எழுதி, என் பெயர் போட்டு, கையெழுத்தும் போட்டு, முதலில் எழுதிய பக்கங்களோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக் கர்னலுக்கு அனுப்பிவிட்டேன். பதினொன்றே கால்.

தேவகி வந்து திருநீறு பூசிவிட்டாள். "ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது? சாப்பிட்டீங்களா இல்லியா?"

சாப்பிடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். லாட் இரண்டும் பாஸ். பத்து விநாடி வீதம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கர்னல் கூப்பிட்டார். மாடிப்படிக்குப் போய்ப் பேசினேன்.

"படிச்சேன். கடல், சேறு, பனியன் வேஸ்ட் எல்லாம் பிரமாதம். கடைசி மூணு பக்கம் வேண்டாம்."

"அவன் பேரைச் சேர்க்கணும் சாப். அதுக்குத்தான் எழுதினேன்."

"விசாரணை எப்பவோ முடிஞ்சு போச்சு. புத்தகம் பதிவேட்டைத்தான் ஒத்துக்கும், உங்க மனசாட்சியை இல்ல." கொஞ்சம் தணிந்து, "இங்க பாருங்க, முழுசா அரை மணி காத்திருந்தாலும் வெடிச்சிருக்கலாம். யாருக்குத் தெரியும்?" என்றார்.

"அப்ப வெடிச்சிருந்தா அவன் பேரு கல்லுல இருந்திருக்கும் சாப்."

இரண்டாம் தடவை இழுக்கச் சொன்ன அதிகாரி அவர்தான். கடிகாரத்தைத் திருப்பி வைத்தாயா என்று அவரும் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்தாறு வருடத்தில் இன்றைக்குத்தான் இருவரும் அதற்குப் பக்கத்தில் வந்தோம். அப்போதும் சொல்லிக்கொள்ளவில்லை.

"உடம்பப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். என்னிடம் இருந்த ஒரே வழி அது. பெயரைப் புத்தகத்தில் ஏற்றி, அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், வாயால் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன். கோழை. சோதனைப் பிரிவாம், முத்திரையாம். என்னை எவன் சோதித்தான்?

நவம்பர் 8, சனி

சம்பளப் பட்டுவாடா நாள், எங்கே பார்த்தாலும் கூட்டம். பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். தேவகியிடம் சொன்னேன். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தது இது ஒன்றுதான்.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும் வரை கை நிற்கவில்லை. பிறகு நின்றது.

"அப்ப, வருசா வருசம் அந்த அம்மிணிக்குச் சீலை எடுத்துட்டுப் போனீங்களே. அதுக்குத்தானுங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"கலரு நாந்தானுங்க பாத்துப் பாத்து எடுத்தேன்." சொல்லிவிட்டுக் கீரையோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் டீ வைத்தாள், டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு கதவோரம் நின்று, "நாளைக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. நான் வரமாட்டேன். எனக்கு அந்த அம்மிணி மூஞ்சியப் பாக்க முடியாதுங்க" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். சாமளாபுரம் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இது ஒரு கேடு.

சரஸ்வதி வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுகிறாள், ஞாயிற்றுக்கிழமை நின்றிருக்கும் என்று நினைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்ணா! என்னங்ணா திடீர்னு? அண்ணி வரலீங்களா?" தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவள், எனக்குக் காது மந்தம் என்பதே அவளிடம் பேசும்போது மறந்துவிடும். மோர் கொண்டுவந்து வைத்தாள். செந்தில் வாடகைக்குத் தாராபுரம் போயிருக்கிறானாம். சுவரில் முருகன் காலண்டர், கடிகாரம், யூனிபாரத்தில் ஆறுமுகம். படத்தில் பூ இல்லை. திதிக்கு மட்டும்தான் வைப்பாள், அதுவும் திட்டிக்கொண்டே.

சொன்னேன். தறி ஓட ஓட, கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. காதில் கை வைத்து, "ஒண்ணும் வெளங்கலீங்ணா, இருங்க" என்று போய் ஒவ்வொரு தறியாக நிறுத்திவிட்டு வந்தாள். அந்த அமைதியில் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கடிகாரம், கொடி, ஞாபகமில்லை என்றது, எல்லாம்.

நின்றபடியே கேட்டாள்.

"அப்ப அவரு அவசரப்படலீங்களா?"

"இல்ல அம்மிணி. நாந்தான் போகச் சொன்னேன். அதனால போனான்."

"பையன் பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் குடுத்தாங்ணா. வாத்தியார்கிட்டப் போய்ப் பேர அடிக்கச் சொல்லிட்டு வந்தேன். அப்பன் புத்தி வந்துரும்னு." குரல் உயரவில்லை. "ரெண்டு வயசுப் புள்ளைய வெச்சுட்டு அப்பிடி என்ன அவசரம்னு, அந்த மனுசன நான் திட்டாத நாளில்லீங்க. இதே சொவுத்தப் பாத்து."

நான் தலை நிமிரவில்லை.

"எத்தன நிமிசம் பாக்கின்னீங்க?"

"பன்னெண்டு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "உக்காருங்க. பன்னெண்டு நிமிசம். பேசக் கூடாது, எந்திரிக்கக் கூடாது."

எதிரே தரையில் அவளும் உட்கார்ந்தாள்.

வாழ்நாள் முழுக்க நேரம் பார்த்தவன் நான். நாலாவது நிமிடத்தில் கால் மரத்தது. மோரில் எறும்பு விழுந்து நீந்தியது. தெருவில் உப்புக்காரன் போனான். அவள் ஆறுமுகத்தின் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழவும் இல்லை. பத்தாவது நிமிடம் தாண்டியதும் எனக்குத் தாங்கவில்லை, மன்னிச்சிரு அம்மிணி என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையைத் தூக்கினாள். மூடிக்கொண்டேன்.

முள் வந்தது. எழுந்தாள். மோர் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"இவ்வளவு நேரந்தானுங்களா?"

நான் எழுந்தேன்.

"போங்க. இனி சீலை எடுத்துட்டு வராதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். தறி மறுபடி ஓடுகிறதா என்று பஸ் ஸ்டாப் வரை கேட்டுக்கொண்டே போனேன். ஓடவில்லை.