ஹால் ஃபேனும் வீட்டுச் சாவியும்

பூந்தமல்லி,
ஞாயிறு காலை.

அன்பு மகன் ராஷிதுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நான் சுகம், முட்டிவலி மட்டும் என்னோடு குடித்தனம் நடத்துகிறது. ஷார்ஜாவில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ நாற்பது பேசுகிறாய், அதனால்தான் இதை எழுதி, லீவில் வந்திருக்கும் உன் சிநேகிதன் ஸ்ரீநாத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். போன வாரம் ஹால் ஃபேன் நின்று நான் வியர்வையில் உட்கார்ந்திருந்ததை வீடியோவில் பார்த்துவிட்டு, ஒரு ஃபேனைப் பார்க்கக்கூட ஆளில்லாத வீட்டில் ஏன் தனியாக இருக்கிறாய், மாசக் கடைசியில் வீட்டை வாடகைக்கு விட்டு, சாவியை கலீலுல்லா மாமாவிடம் கொடுத்துவிட்டு, ஆம்பூரில் அவரோடு போய் இரு என்றாய். ஆளில்லாத வீடா, அப்போது நான் யார்?

மறுநாள் எலக்ட்ரீசியன் தேவராஜ் வந்தார். ஏணிகூட ஏறவில்லை, கீழே நின்றபடியே ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மோட்டாரு பூட்ச்சிம்மா, புச்சு வாங்கிக்கினு வா, மாட்டித் தர்றேன்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முப்பது வருஷமாகத் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள் நான், மெஷின் மக்கர் செய்தால் முதல் வைத்தியம் எண்ணெய்தான். அதே நினைப்பில் ஏணி போட்டு ஏறி ஃபேனுக்கும் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டேன். அது தப்பு. ஃபேன் சுற்றவில்லை, எண்ணெய் மட்டும் சொட்டி, கீழே வெட்டி வைத்திருந்த வசந்தகுமாரி டீச்சர் மகளின் கல்யாண ரவிக்கைத் துணியில் விழுந்தது. சாக்பீஸ் தூள் தூவிக் கறையை எடுப்பதற்குள் உயிர் போய் வந்தது. இதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். ஸ்விட்சைப் போட்டால் முனகுகிறது, ஆக கரண்ட் வருகிறது. ஆஃப் செய்துவிட்டுக் கையால் சுற்றினால் றெக்கை இறுக்கமில்லாமல் ஓடுகிறது, ஆக பேரிங்கில் கோளாறில்லை. மெஷின் மோட்டார் முனகி நின்றால் கைச்சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளுவேனே, அதுபோல ஸ்விட்சைப் போட்டு ஒட்டடைக் கம்பால் றெக்கையை மெல்லத் தள்ளினேன். சுற்ற ஆரம்பித்தது ராஷித்! மோட்டார் சாகவில்லை, அதைக் கிளப்பிவிடும் கண்டன்சர்தான் சோர்ந்துபோயிருக்கிறது. மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டு ஷோபனா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். எந்த ஒயர் எங்கே போகிறதென்று போனில் படம் எடுத்துக்கொண்டு பழையதைக் கழற்றி, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் காட்டி, அதே நம்பரில் வாங்கி வந்து மாட்டினேன். றெக்கையில் லூசாக இருந்த ஸ்குரூவையும் முடுக்கினேன், இப்போது ஆட்டமும் இல்லை.

உன் வீட்டு சமையலறை ஃபேன் சத்தம் போடுகிறதென்றாயே, ஆளைக் கூப்பிடுமுன் கரண்டை நிறுத்திவிட்டு அதைத் துடைத்துப் பார். நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளைகளைத் திட்டாதே. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். மாமாவுக்கு நானே போன் செய்து, ஊருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. லீவுக்கு வரும்போது கதவைத் தட்டு, நான்தான் வந்து திறப்பேன்.

இப்படிக்கு,
ஃபேன் காற்றில் உட்கார்ந்து எழுதும் உன் அம்மா,
ரோஷன் பேகம்.