இறக்கத்தில் விடாத வண்டி

மாப்பிள்ளை,

வலது கை ஆள்காட்டி விரலில் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. பேனா பிடித்தால் எரிகிறது. சட்டையிலிருந்து கருகிய ரப்பர் வாடை இன்னும் போகவில்லை. இன்று காலை அந்த வாடை மூக்கில் ஏறிய நொடியில் நீ வந்து என் பக்கத்தில் நின்றாய். வந்தவனை நாலு வார்த்தை திட்டாமல் விடுவதில்லை என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் தங்கையைக் கட்டியவன் என்பதால் ஊரார் முன்னால் உன்னை 'வாங்க, போங்க' என்பேன். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் 'வாடா, போடா'தான். இதை வண்டிக்குள் பேசிய பேச்சாக வைத்துக்கொள்.

உன் மகள் சரண்யா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நாள் இன்னும் இருக்கிறது என்று எல்லோரும் அசந்திருந்தோம். இன்று விடிந்ததும் வலி கண்டுவிட்டது, பனிக்குடமும் உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், அது வேறொரு ஊருக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போக அந்நேரத்துக்கு நம் ஊரில் என் ஜீப்பை விட்டால் வேறு வண்டி இல்லை. அவளைப் பின்னால் படுக்க வைத்தோம். என் தங்கை அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். நான் சாவியைத் திருப்பினேன்.

'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. மறுபடி திருப்பினேன். மறுபடி அதே 'டக்'. என்ஜின் அசையவே இல்லை.

நம் மலையில் வண்டி நிறுத்துகிற முறைதான் உனக்குத் தெரியுமே. மூக்கு கீழே பார்க்கும்படி சரிவில் நிறுத்தி, டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்போம். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும். செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். அதனால் பேட்டரி படுத்தாலும், என்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் செத்தாலும் ஒருவனும் சரி பண்ணுவதில்லை. அதில் நீ எல்லோருக்கும் மேல். "மல இருக்கறப்ப செல்ஃப் எதுக்கு மச்சான்?" என்று பல்லைக் காட்டுவாய்.

அப்படித்தான் மிளகு மூட்டை ஏற்றிய உன் பிக்கப்பை அன்று கல்லை எடுத்து உருட்டினாய். என்ஜின் பிடிக்கவில்லை. என்ஜின் ஓடாவிட்டால் பிரேக் மிதி இறுகிப்போகும் என்று உனக்குத் தெரியாதா? வளைவு வந்தது, பிக்கப் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. பள்ளத்திலிருந்து உன்னைத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து நான் சமதளத்தில்தான் நிறுத்துகிறேன். ஊரே என்னைக் கேலி பேசுகிறது, பேசட்டும்.

இன்றும் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம், சமதளத்தில்தான் ஜீப் நின்றது. தொட்டியைத் தாண்டினால் நீ போன அதே இறக்கம். பக்கத்துக் காட்டு ராசு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். தளத்திலேயே தள்ளிப் பார்த்தோம். மழையில் ஊறிய மண்ணில் எங்கள் கால் வழுக்கியதே தவிர வண்டிக்கு வேகம் வரவில்லை.

"ஏனுங்க, இன்னும் என்னங்க யோசன? தொட்டியத் தாண்டி உட்டுட்டா தானா பத்திக்கும்" என்றான் ராசு.

சரண்யா உள்ளேயிருந்து கத்தினாள். "உட்டுருங்க மாமா! என்னால முடியல!"

என் தங்கை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எறக்கத்துல மட்டும் வேண்டாமுங்கண்ணா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மகளின் கையைப் பிடித்தபடி, உன்னைக் கொண்டுவந்து கிடத்திய அன்றைக்குப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள். இறக்கத்தில் விட்டால் அநேகமாகப் பிடித்துக்கொள்ளும். நீயும் அப்படித்தானே நினைத்தாய்?

பானெட்டைத் திறந்தேன். சாவியைத் திருப்ப ராசுவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். ஹாரன் நன்றாகக் கத்தியது. ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பும்போதும் அது லேசாகச் சிமிட்டியதே தவிர அணையவில்லை. அப்படியானால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, மோட்டாருக்குத்தான் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. பேட்டரி முனைகளை ஆட்டிப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தன. செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினேன். "திருப்பு" என்றேன். 'டக்'. பின்னால் சரண்யாவின் சத்தம் ஒருமுறை ஏறி, சட்டென்று நின்றது. அந்த அமைதிக்கு நான் பயந்த மாதிரி வேறு எதற்கும் பயந்ததில்லை.

"இன்னொருக்கா திருப்பு, உடாமப் புடி" என்றேன். அப்போதுதான் அந்த வாடை வந்தது.

புளியஞ்சோலை ஞாபகம் இருக்கிறதா? சரண்யா கைக்குழந்தை. அவளுக்குக் காது குத்திவிட்டு ஓடைப் பக்கம் சோறு தின்ன இறங்கினோம். கிளம்பும்போது வண்டி இதே மாதிரி 'டக்' என்றது, இதே கருகிய வாடை அடித்தது. சுற்றிலும் தட்டையான இடம், உன் மலை அங்கே உதவிக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் பானெட்டைத் திறந்தாய். சூடேறிக் கிடந்த ஆக்சிலேட்டர் கேபிளில் கை பட்டதும் "ஆத்தாடி!" என்று குதித்தாய். நான் சிரித்தேன். நீயும் விரலைச் சூப்பிக்கொண்டே சிரித்தாய். "கரண்டு வந்தா திரும்பிப் போகோணும் மச்சான். அது போற வழி அத்துப்போச்சு. அதான் இந்தக் கேபிள்ல பூந்து போகுது."

இன்று நானே அந்தக் கேபிளைத் தொட்டேன். சுட்டது. அந்த வலியில் எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது! வண்டிக்கு அடியில் புகுந்தேன். என்ஜினையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் இணைக்கும் எர்த் வயர், நீ சொன்ன அந்தத் திரும்பிப் போகிற வழி, சேறு அப்பித் துருப்பிடித்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

உன் பிக்கப்பிலிருந்து நான் எடுத்து வந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு முனையிலும் கிளிப் போட்ட உன் தடித்த கேபிள். என் சீட்டுக்கு அடியில் கிடந்ததை இழுத்தேன். ஒரு கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவில் கடிக்க வைத்தேன். இன்னொன்றை என்ஜினில் துரு இல்லாத இடம் தேடி மாட்டினேன்.

"திருப்பு ராசு."

ஜீப் உறுமியது. என் தங்கை வாய்விட்டு அழுதாள். நான் அழ நேரமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அதே இறக்கத்தில், அதே வளைவில்தான் இறங்கினேன், என்ஜின் ஓட, பிரேக் காலுக்கு அடங்க. செம்மேடு போய்ச் சேரும்வரை என்ஜின் எங்கே நின்றுவிடுமோ என்று காது அதன் மேலேயே இருந்தது.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். என் தங்கை துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது, தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். விரலெல்லாம் கிரீஸ்.

என் தங்கை கேட்டாள், "அவருக்கு இது தெரியுமுல்லங்கண்ணா? இப்பிடிப் பழுதப் பாத்து வண்டிய எடுக்கறதுக்கு?"

"தெரியும்" என்றேன்.

"அப்பறம் ஏனுங்கண்ணா?"

அதை நீதான் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை. தெரிந்தவன் நீதான். எல்லாம் தெரிந்திருந்தும், பானெட்டைத் திறக்கச் சோம்பல்பட்டுக் கல்லை எடுத்தாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் பேத்தி வளர்ந்து தாத்தாவைப் பற்றிக் கேட்டால் இரண்டையும் சொல்வேன். அவள் பிறக்க வழிவிட்டது நீ கற்றிருந்த வித்தை என்பேன். அவளைத் தூக்கிக் கொஞ்ச நீ இல்லாமல் போனது ஒரு கல்லை எடுத்ததால் என்றும் சொல்வேன்.

நாளைக்குப் புது எர்த் வயர் மாட்டிவிடுவேன். உன் கேபிள் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும்.