மேலே ஏறினவர் பாட வேண்டும்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் உங்கள் விறகு லாரி டிரைவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன் மாமாவை, என் புருஷனை, சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்றைக்கு வந்தாய். என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாய்.

எனக்குப் படிப்பில்லை. ஆனால் உங்கள் வேலை தெரியும். ஆள் உயரத்துக்கு மேலான கொப்பரையில் விறகைப் போட்டு, எரியவிடாமல் புழுங்கவைத்து காஸ் எடுக்கிறீர்கள், அதில் இன்ஜின் ஓட்டி கரண்ட் விற்கிறீர்கள். விறகுத் துண்டு கொப்பரைக்குள் இறங்காமல் சிக்கிக்கொண்டால், ஒருத்தர் மேலே ஏறி மூடியைத் திறந்து கம்பியால் குத்தவேண்டும். அந்தக் காஸில் இருக்கிற விஷத்துக்கு வாசனை கிடையாது. மயங்குகிறவனுக்கே தெரியாது. காஸ் கசிந்தால் கத்துகிற மிஷின் ஒன்று மாட்டியிருந்தார்களாம், ஓயாமல் கத்துகிறதென்று நீங்களே கழற்றிவிட்டீர்களாம். அதற்குப் பதில், மேலே ஏறினவர் பாடிக்கொண்டே இருக்கவேண்டும், கீழே ஒருத்தர் கேட்டுக்கொண்டே நிற்கவேண்டும், பாட்டு நின்றால் ஓடிப்போய் இழுக்கவேண்டும். எல்லாம் அவர் சொன்னதுதான்.

அவர் குரலுக்குக் கழுதைகூடக் காதைப் பொத்திக்கொள்ளும். "என் பாட்டைக் கேட்கிற தைரியம் மச்சானுக்குத்தான் உண்டு" என்பார்.

அவர் மேலே மயங்கிச் செத்த அன்றைக்குக் கீழே நின்றது நீ. பாட்டு நின்றபோது என்ன செய்தாய்?

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை அக்கா. இதற்கு மேல் கேட்காதே.

இன்ஸ்பெக்டர் உன்னிடம் வருவார். மாமா குடித்துவிட்டுத் தானாகவே ஏறிவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. இல்லாவிட்டால் என்னைத்தான் உள்ளே தள்ளுவார்கள். போனவர் போய்விட்டார், இருக்கிறவன் பிழைக்க வேண்டாமா? என் பிள்ளைகளுக்கு நீ அத்தை இல்லையா? சொன்னால் உனக்கும் இங்கேயே வேலை போட்டுத் தருவதாக மேனேஜர் சொல்கிறார்.

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

இருமல் மருந்தையே "போதை ஏறும்" என்று துப்புகிற மனுஷனைக் குடிகாரன் என்று நான் சொல்லவேண்டும். நல்லா இருக்கிறதடா.

உன் கடிதம் கொண்டுவந்த டிரைவரை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் மென்று விழுங்கினார். பிறகு அழுதுவிட்டார். அன்றைக்கு அவர், "என்னப்பா, பாட்டு நின்னுபோச்சு?" என்று உன்னைக் கேட்டாராம். நீ, "அப்பாடா, இப்பத்தான் காதுக்கு நிம்மதி" என்றாயாம். எல்லாரும் சிரித்தீர்களாம்.

அது உண்மையா?

அக்கா


ஜூன் 15

அக்கா,

உண்மைதான். விளையாட்டாகச் சொன்னேன். நடுநடுவே எச்சில் துப்ப நிறுத்துவாரே, அப்படித்தான் என்று நினைத்தேன். சிரித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் கம்பி மட்டும் நிற்கிறது. உன் காலில் விழுகிறேன். என்னைக் காட்டிக்கொடுக்காதே.

தம்பி


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

பயப்படாதே. இன்ஸ்பெக்டர் வந்தார். நீ சொல்லச் சொன்னதையே சொன்னேன். "தினமும் குடிப்பாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது தெருவுக்கே நான் குடிகாரன் பெண்டாட்டி. அவர் என்னை மன்னித்துவிடுவார், அவருக்கு நல்ல மனசு. எனக்கு அது கிடையாது.

மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை, வேலை கொடுத்துவிட்டார். என்ன வேலை வேண்டும் என்று என்னையே கேட்டார். கொப்பரைக்குக் கீழே நிற்கிற வேலை என்றேன். மேலே ஏற என் தம்பியைப் போடுங்கள், அவன் குரல் என்றால் எனக்குப் பழக்கம் என்றேன். "கூடப் பிறந்த பாசம்" என்று மெச்சிக்கொண்டார்.

வேலையை விட்டு ஓடலாம் என்று நினைக்காதே. ஓடினால் இன்ஸ்பெக்டரிடம் பேச்சை மாற்றிச் சொல்வேன். டிரைவரும் சொல்வார்.

திங்கட்கிழமை காலையில் வருகிறேன். சின்ன வயதில் நீ எவ்வளவு நன்றாகப் பாடுவாய்! அதே மாதிரி பாடு ராசா. நடுவில் எச்சில் துப்ப நிறுத்தாதே. அழுது அழுது எனக்குக் காது அடைத்துக் கிடக்கிறது. ஒருநாள் கேட்கிறது, ஒருநாள் கேட்பதில்லை.

கீழேதான் நிற்பேன்,
உன் அக்கா