உன் இடுப்பில் குறையில்லை

இன்று காலை ஓசூரில், என் பள்ளி மைதானத்தில் மாணவிகள் தொடையில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். நீ போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கிருஷ்ணகிரியில் நாம் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்த காலம். ஜில்லா ஓட்டப் பந்தயத்துக்கு ஆள் எடுக்க ஒரு டாக்டர் வந்தார். பெண்களைத் தொட்டுப் பார்க்க அவருக்குக் கூச்சம். அவர் தள்ளி நின்று சொல்லச் சொல்ல, என் கைதான் உன் காலைச் சோதித்தது. பெஞ்சில் மல்லாந்து ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டாய். மற்றக் கால் பெஞ்சில் படியாமல் தொடையோடு எழும்பி நின்றது. அந்தக் காலை உயர்த்தச் சொல்லி நான் அழுத்தினேன், சட்டென்று தாழ்ந்துவிட்டது.

"இடுப்பு இறுகிக் கெடக்கு, தொடையிலயும் பலம் இல்ல. இந்தப் பொண்ணு ஓட வேணாம். நாளைக்குப் பிரசவத்துல கஷ்டப்படும்," என்றார் டாக்டர்.

நீ எழுந்து உட்கார்ந்தாய். "ஓட முடியுமான்னு பாக்கத்தானே வந்தீங்க சார்? பிரசவத்தப் பத்தி யாரு கேட்டாங்க?"

மறுநாள் விடியலிலிருந்து நீ என்னை விடவில்லை. பெஞ்சு விளிம்பில் காலைத் தொங்கவிட்டுப் படுப்பாய். நீலகிரித் தைலம் தேய்த்து, தொடையை மெல்லக் கீழே தள்ளி நான் இளக்குவேன். பிறகு நீ காலைத் தூக்க, நான் அழுத்த வேண்டும். கை தளர்ந்தால் திட்டு விழும். "சோறு தின்னலியாடி? கெட்டியா அமுத்து!" மாங்காய்க் காலம் வந்தபோது உன் தொடை பெஞ்சோடு படிந்தது. என் முழு பாரத்தையும் போட்டு அழுத்தினாலும் கால் இறங்கவில்லை. அடுத்த தேர்வில் அதே டாக்டர், "சரி, ஓடட்டும்" என்று மட்டும் சொன்னார். சேலத்தில் நடந்த ஜில்லாப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாய். பாராட்ட வந்தவர்களிடம், "மொதல்ல வந்தவ எந்த ஊரு?" என்று முறைத்தபடி கேட்டாய்.

வேப்பனப்பள்ளிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய். பிள்ளை சிரமமில்லாமல்தான் பிறந்தது. மருத்துவச்சியே என்னிடம் சொன்னாள். அதன்பின் வந்த காய்ச்சலை, தானாக இறங்கிவிடும் என்று வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். வண்டி கட்டிக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. துக்கத்துக்கு வந்த வாய்களெல்லாம் ஒன்றையே சொல்லின: "ஓடுன ஒடம்பு, அதான் தாங்கல."

உன் கதை பாகலூர்வரை போயிருக்கிறது. இன்று மதியம் அங்கிருந்து ஒரு தாய், மகளைப் பந்தயத்திலிருந்து கூட்டிப்போக வந்தாள்.

"ஓடி ஓடித்தானே டீச்சர் அந்தப் பொண்ணு செத்துப்போச்சு?"

"இல்லம்மா. அவ இடுப்ப இந்தக் கையால பாத்தவ நான். அதுல ஒரு கொறையும் இல்ல. காய்ச்சலுக்கு நேரத்தோட ஆஸ்பத்திரி கொண்டுபோவல. அதனால செத்தா."

நம்பினாளோ என்னவோ, மகளை இழுத்துப்போகவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்து அவள் ஓடுவதைப் பார்த்தாள்.

நான் பேசியது உன் புகுந்த வீட்டார் காதுக்குப் போகும். போகட்டும். கேட்கிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்வேன். உன் சாவை உன் ஓட்டத்தின் தலையில் கட்ட ஒருவரையும் விடமாட்டேனடி.