பெட்டியின் மறுபக்கம்

அன்பு மகளே,

அப்பா செய்யும் மாதிரி ரயிலின் கடைசிச் சரக்குப் பெட்டி முடிந்ததும் அரிசோனாவுக்கு வந்துவிடுவோம் என்றேனே. நிலவறையில் அது ஒரு பக்கம் மட்டும் வண்ணத்தோடு நிற்கிறது. அசல் பெட்டியின் மறுபக்கத்தைப் புகைப்படத்தில் பார்க்காமல் தூரிகையைத் தொடமாட்டாராம்.

நேற்று அப்பாவின் ரயில் கூட்டாளி வெர்லின் அந்தப் படத்தோடு வந்தார். "புடிச்சுட்டேன்யா! பெயின்ட் அடிச்சு முடி, மூட்டையக் கட்டு!"

அப்பாவின் மாதிரி ரயில்கள் ஓடுவது 1954ஆம் வருஷத்து உலகத்தில். அதற்குப் பிந்தைய எதற்கும் அங்கே இடமில்லை, உனக்குத்தான் தெரியுமே. அப்பா படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பெட்டிய எடை போட்ட வருஷம் அதுலயே எழுதியிருக்கு பாரு. அம்பத்தஞ்சு. நமக்கு ஆகாது."

"என் கண்ணுக்குத் தெரியல, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று வெர்லின் லென்ஸை என்னிடம் நீட்டினார்.

ஐம்பத்து மூன்று. பளிச்சென்று தெரிந்தது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்பத்தஞ்சுதான்" என்றேன்.

எங்களுக்கென்று வைத்திருக்கும் அறையைக் குழந்தைக்குக் கொடுத்துவிடு. கீழே அவர் சீட்டியடிக்கிறார். வெளியே பனி கொட்டுகிறது. அரிசோனா வெயிலில் தேவைப்படாதென்று தேவாலயத்துக்குக் கொடுக்கக் கட்டிவைத்த மூட்டையைப் பிரித்து, என் குளிர்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

உன் அம்மா